மூன்று மூட்டை நூல் தூரம்

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார். மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். அங்கே நாலேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்தில் இருக்கும் ஆக்லாந்து எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் தாளை டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பி வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இறங்குகிறேன். அது இருபத்து நாலே முக்கால் மணி நேரம். தாளின்படி கூட்டினால் பதினெட்டேகால்தான் வருகிறது. மீதி ஆறரை மணி நேரம் எங்கே போயிற்று? எங்கள் மில்லில் ஒருவர் ஆறரை மணி நேரம் காணாமல் போனால் ஆப்சென்ட் போட்டுவிடுவேன்.

"பூமி உருண்டைல்லா சார்" என்றார் டிக்கெட்காரர். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மில்லில் வந்து தூரத்தைச் சொன்னதும் ஸ்பின்னிங் சூப்பர்வைசர் பேனாவைப் பிடுங்கி ஒரு சீட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். "நாப்பதாம் நம்பர் நூலுன்னா ஒரு பவுண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல ஓடும். உங்க தங்கச்சி ஊருக்கு எம்புட்டு? மூணு மூட்ட சார். மூணே மூட்ட நூலு. இங்கன முனைய கட்டி விட்டா அங்கன போயிச் சேந்திரும். இதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தினமும் லாரியில் ஏறுகிற மூட்டைகளைப் பார்க்கும்போது எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

நான் போனது மடி கொடுக்க. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டு, கம்மல், புதுத்துணி எல்லாம் மாமன் பொறுப்பு. மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்டவன், ரெண்டுவிட்டவன் என்று யாரையாவது பிடித்து உட்கார வைப்பார்கள். இருக்கிற மாமன் வராமல் இருந்தால் ஊர் காறித் துப்பும். என் தங்கை மல்லிகா எழுதியிருந்தாள்: 'ஷாலினிக்கு அஞ்சு வயசு. ஆவணியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் காது குத்த வைத்திருக்கிறோம். உன் மடி வேணும்.' அவ்வளவுதான் கடிதம். அண்ணன் என்று மேலே எழுதவில்லை, நலமா என்று கேட்கவில்லை.

ஒன்பதரை என்றால் யார் ஊர் ஒன்பதரை என்று டைம் ஆபீஸில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. சூரியன் எங்கே நிற்கிறதோ அந்த ஊர் மணிதான் கணக்கு என்று முடிவாயிற்று. காதைக் குத்துவது யார், அந்த ஊரில் ஆசாரி உண்டா என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. மடியைக் கேட்டிருந்தாள், மடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மல்லிகா கிருஷ்ணன்கோவில் கல்லூரி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். கல்லூரிப் பஸ்ஸில் அவள் ராஜபாளையத்தில் ஏறுவாள். ஜெயசீலன் என்ற லேப் உதவியாளர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவார். அவர் கிறிஸ்தவர். ஒரு நாள் அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டில் இருந்துவிட்டு இரண்டு பேரும் நியூசிலாந்துக்குப் போய்விட்டார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த மூன்று வருஷத்தில் அப்பாவும் போகவில்லை, நானும் போகவில்லை.

எனக்கு அவள்மீது தனிக்கோபமும் ஒன்று இருந்தது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில் தங்கை விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் கேசரியைத் தின்று முடிப்பதற்குள் பேச்சை முடித்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு நான் போகவில்லை. அம்மா எங்கள் சின்ன வயசிலேயே போய்விட்டாள்; அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் இறந்தார். ஐ.எஸ்.டி. பூத் எங்கள் தெரு முனையிலேயே இருந்தது. நான் அவளுக்குக் கடிதம்தான் போட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்குத்தான் அது அவள் கைக்குக் கிடைத்ததாம். அப்புறம் நான் தனியாக அந்த வீட்டில் இருந்தேன். மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. அன்றைக்குப் பேசுவதற்கும் ஆள் கிடையாது.

கிளம்புவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஜெயசீலனின் அண்ணனைப் பார்த்தேன். தம்பிக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்பது முறை. அவர் பள்ளிக்கூட ஆசிரியர், பெயர் ஆசீர்வாதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு நடந்து ஐந்து நிமிஷம்தான். ஐந்து நிமிஷம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்றவர், உள்ளே காப்பிக்குச் சொல்லிவிட்டு, "அந்த அறையிலதான் மூணு வருஷம் இருந்தாவ உங்க தங்கச்சி" என்று கையைக் காட்டினார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"உங்க வீட்லயும் மாமன் மடி உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டாவா? மாமன் வராம எங்க வீட்ல ஜெபமே ஆரம்பிக்க மாட்டாக" என்று சிரித்தார். இரண்டு கிலோ பால்கோவாவைக் கட்டிக் கொடுத்தார். இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவனை அது இல்லாமல் அனுப்பினால் ஊர்ப் பெயர் என்ன ஆவது!

புதன்கிழமை விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிங்கப்பூர் வரைக்கும் தூங்கினார். கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மில் சங்குக்குச் சரிபார்த்து வைத்த கடிகாரம். அதை எவனோ சொன்னான் என்று திருப்ப மனசு வரவில்லை. இரண்டாவது விமானத்தில் சாப்பாடு வந்தபோது என் கடிகாரத்தில் சாயங்காலம் ஏழு மணி. பெட்டிக்குள் ஒரு பன், ஒரு துண்டு மீன், கடித்தால் சத்தம் வராத பச்சைப் பட்டாணி. மெஸ் குழம்பை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பத்து மணி நேரம் என்று தாளில் எழுதியது சின்ன எழுத்து. உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரிகிறது. ஒரு ஷிப்டும் இன்னொரு கால் ஷிப்டும். தினமும் நானூறு பேர் என் ஜன்னலைக் கடந்து போவார்கள், எல்லோருக்கும் என் பெயர் தெரியும். இங்கேயும் முந்நூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது. தங்கை முதல் வார்த்தையாக என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். 'அண்ணே' என்று கூப்பிடுவாளா, வெறும் 'வா' என்பாளா? கடிதத்தில் விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் உண்மையில் போய்க்கொண்டிருந்தேன். மடியெல்லாம் சாக்கு.

ஆக்லாந்தில் இறங்கியபோது என் கடிகாரத்தில் விடியற்காலை நாலேகால். வெளியே நல்ல வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட உயரமான அம்மாள் ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். தேங்காய் ஐந்து, வெற்றிலை ஒரு கவுளி, மஞ்சள் கிழங்கு, பச்சரிசி, வெல்லம், கதம்பப் பூ, பால்கோவா. பித்தளைத் தாம்பாளம். சீர்த்தட்டு ஒன்று அந்த மேஜையில் தானாக அமைந்துவிட்டது. இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"இது முளைக்குமா?" என்று மஞ்சளைக் காட்டிக் கேட்டாள்.

முளைக்கும் என்றேன். பொய் சொல்லத் தெரியாததால் வந்த வினை. தேங்காயும் முளைக்கும் என்றேன். எதற்கு இவ்வளவும் என்று கேட்டாள். என் ஆங்கிலம் லீவு லெட்டர் படிக்கிற ஆங்கிலம். தங்கையின் மகள் என் மடியில் உட்கார வேண்டும், அதற்குத்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள இந்தியாவிலிருந்து வந்தீர்களா?"

"ஆமாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்ல மாமா" என்றாள். சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய தொட்டியில் போட்டாள். வெளிநாட்டுச் செடியும் பாலும் பூச்சியையும் நோயையும் கொண்டுவந்துவிடுமாம். சட்டம் அப்படி. அவள் மரியாதையாகத்தான் செய்தாள். ஆசீர்வாதம் சாரின் பால்கோவா கடைசியாக விழுந்தது. என் ஷூவின் அடியில் மண் இருக்கிறது என்று அதையும் வாங்கிக்கொண்டு போய்க் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். ராஜபாளையத்தில் எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. மிஞ்சியது தாம்பாளமும், பட்டுப்பாவாடையும், ஒரு ஜோடி கம்மலும்.

காலித் தாம்பாளத்தோடு வெளியே வந்தேன். மல்லிகா நின்றிருந்தாள். தடித்த கம்பளிக் கோட்டுக்குள் பாதியாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. ஆனால் ஜெயசீலன் முந்திக்கொண்டார். "வாங்க மச்சான், பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அவள் வெறுமனே தலையை ஆட்டினாள். அவள் பின்னாலிருந்து ஷாலினி எட்டிப் பார்த்தாள். இரட்டைச் சடை. இரண்டு காதிலும் நீலக்கல் வைத்த சின்னத் தோடு மின்னியது.

காது குத்தியாகிவிட்டது. புதுசாகவும் குத்தவில்லை. தோடு நன்றாகப் பழகி உட்கார்ந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகாவும் ஒன்றும் சொல்லவில்லை. காரில் போகும்போது ஜெயசீலன் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நான் ஷிப்ட் எத்தனை, சங்கு உண்டா, லேட் வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். நல்ல மனிதர் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் அவரை மனசுக்குள் என்னென்னவோ திட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மல்லிகா தக்காளிக் குழம்பும் முட்டைப் பொரியலும் வைத்திருந்தாள். புளி குறைவு. "இங்கன கெடைக்கிற புளி இம்புட்டுத்தான்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். என் தட்டில் சோறு குறையக் குறைய வைத்துக்கொண்டே இருந்தாள். பசியில்லை. என்றாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் நான் மட்டும். ஜெயசீலன் வாளி செய்யப் போய்விட்டார். மல்லிகா ஒரு பள்ளிக்கூடத்து அடுக்களையில் வேலைக்குப் போனாள், குழந்தை அதே பள்ளிக்கூடத்துக்கு. கதவைச் சாத்தியதும் அப்படி ஒரு நிசப்தம். கீரைக்காரி இல்லை, பஸ் ஹாரன் இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. தெருவில் ஒரு நாயும் இல்லை. பிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது முனகியது. இந்த வீட்டில் ஆறு வருஷமாக இவள் எப்படி இருந்தாள் என்று முதல்முறையாக நினைத்தேன். எனக்காவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தாங்காமல் வெளியே கிளம்பினேன். எல்லா வீடும் ஒரே மாதிரி. பெட்டி வைத்த மாதிரி பலகை வீடு, முன்னால் புல். திரும்பி வரும் வழி தவறிவிட்டது. எதிரே வந்த பஸ்ஸில், விலாசச் சீட்டைக் காட்டிவிட்டு ஏறினேன். டிரைவர் இறங்கச் சொல்வார் என்று நான் இருந்தேன். எனக்குத் தெரியும் என்று அவர் இருந்திருக்கிறார். கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியான பின்தான் இருவருக்கும் விஷயம் புரிந்தது.

"திரும்பவும் அந்த வழியாகத்தான் போவேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்" என்றார். அவர் வாட்டசாட்டமான தீவுக்காரர். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டினார். உள்ளே மாட்டுக்கறியோ என்று பயந்து, பசியில்லை என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர், எவ்வளவு தூரம் என்று கேட்டார். பதினாலு மணி நேரம் என்றேன். விசில் அடித்தார்.

"உங்கள் ஊர்?"

"வடக்கே ஒரு தீவு. விமானத்தில் மூன்று மணி நேரம். போய்ப் பதினோரு வருஷம் ஆயிற்று. அம்மா அங்கேதான் இருக்கிறாள்."

"மூன்றே மணி நேரம்! ஒரு தடவை போய் வந்தால் என்ன?" என்று அவரைக் கண்டித்தேன். வயசில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தூரமாக இருந்தால் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டித் தாளைச் சுருட்டிப் போட்டார். பஸ்ஸைக் கிளப்பினார்.

சனிக்கிழமை மல்லிகாவுக்கு விடுமுறை. சீர்ப்பொருள் வாங்க வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள். பிஜித் தீவிலிருந்து வந்த இந்தியப் பெண்மணி ஒருத்தியின் கடையில் தேங்காய், மஞ்சள்பொடி, பச்சரிசி எல்லாம் இருந்தன. அவளுடைய பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் போனவர்களாம். பெயர் மட்டும் தமிழ். பேச்சு இந்தி. நான் தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுத்ததைக் கண்டு, அவள் தாத்தாவும் இப்படித்தான் தட்டுவார் என்று மல்லிகாவிடம் சொல்லிச் சிரித்தாள். என் ஐந்து தேங்காயைத் தொட்டியில் எறிந்த ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. வெற்றிலை மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மல்லிகா எனக்கு எதிர்ப்பக்க இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் இறங்கிய யாரோ விட்டுப்போன செய்தித்தாள் ஒன்று என் பக்கத்தில் கிடந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் அதை எடுத்து விரித்தேன்.

"இன்னமும் அப்பிடித்தான் விரிக்கிற" என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல, "என்னத்த?" என்றேன்.

"மாசத்துல மொத புதங்கெழம நீ மில் வேலையா மருதைக்குப் போவல்ல. பஸ்ஸு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுல பத்து நிமிசம் நிக்கும். எனக்கு அது தெரியும். பூ வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்து பூக்கட பக்கத்துல நிப்பேன். நீ பேப்பர விரிச்சு மொகத்த மறைச்சுக்குவ."

"நான் உன்னப் பாக்கலையேட்டி."

"பாத்த. பஸ்ஸு கெளம்புற வரைக்கும் ஒரே பக்கத்தத்தான் வச்சிருப்ப. ஒரு தடவகூடத் திருப்பினது கெடையாது. மூணு வருசம்."

அவள் அழவில்லை. யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். நான் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தேன். அவளிடம் சொல்லாத உண்மையை இங்கே சொல்கிறேன். நான் அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பார்த்தேன். ஒரு மாதம் பச்சைச் சேலை, ஒரு மாதம் ஊதா. ஒரு புதன்கிழமை அவள் இல்லை. அன்றைக்கு மதுரை போய்ச் சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மாதம் அவள் நின்றதைக் கண்டு நிம்மதியாக இருந்தது. நிம்மதியோடு முகத்தை மறைத்துக்கொண்டேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அப்பாவுக்குத் தெரியப்போவதுகூட இல்லை. அப்பாமேல் பழியைப் போடவும் எனக்கு வழியில்லை.

இறங்கும் இடம் வந்தது. தேங்காய்ப் பையை நான் வாங்கிக்கொண்டேன். அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து வேட்டி கட்டிக்கொண்டேன். குளிரில் கால் இரண்டும் விறைத்தன. யாரும் விருந்தாளி வரவில்லை. யாரையும் அழைக்கவே இல்லை என்பது ஒன்பது மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மல்லிகா கூடத்தில் பாயை விரித்தாள். தாம்பாளத்தில் தேங்காய், அரிசி, பாவாடை, கம்மல் எல்லாம் அடுக்கினாள். வெற்றிலைக்குப் பதில் ஏதோ ஒரு கொடியின் இலை. ஜெயசீலன் கண்ணை மூடிச் சுருக்கமாக ஜெபம் செய்தார். அதில் என் பெயரும் வந்தது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பட்டுப்பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஷாலினி வந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும் அளவுக்குப் பேச வராது. அதிலும் என் தமிழ் பாதிதான் புரிந்தது. அம்மா கையைக் காட்டியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு என் மடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஐந்து வயசுப் பிள்ளை நல்ல கனம். தலையில் தேங்காயெண்ணெய் மணந்தது. எனக்கு எந்தப் பிள்ளையும் மடியில் உட்கார்ந்து பழக்கம் இல்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

மல்லிகா குனிந்து நீலக்கல் தோடுகளைக் கழற்றினாள். நான் கொண்டுவந்த கம்மலை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திருகினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு அழுகை இல்லை. கால் ஷிப்ட் ஆகும் என்று நினைத்துப்போன காரியம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"ஆறு மாசத்துலயே குத்தியாச்சு" என்றாள் மல்லிகா. தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கடையில துப்பாக்கி மாரி ஒண்ணு வச்சிருக்கான். செத்த நேரத்துல முடிஞ்சிருச்சு."

"தெரியும். ஏர்போர்ட்லயே பாத்துட்டேன்."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

ஜெயசீலன் எழுந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வந்து நாலு நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "காரியம் ஒண்ணும் இல்ல, சும்மா வான்னு எழுதியிருந்தா நீ வந்திருப்பியாண்ணே?"

நான் கேட்க வந்த வார்த்தை அந்தக் கேள்வியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கேட்ட சந்தோஷத்தில் வந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மூன்று வருஷம் பக்கம் திருப்பாத பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு இல்லை.

"வந்திருக்க மாட்டேன் மல்லிகா" என்றேன்.

"அதான்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஒனக்கு ஒரு மொற வேணும். இல்லாட்டி நீ அசைய மாட்ட. நானும் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தேன். இது ஒண்ணுதான் இருந்துச்சு."

கண்ணீர் வந்தது. மடியில் பிள்ளை இருந்ததால் துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷாலினி கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டதா, இறங்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"செத்த நேரம் இரு தாயி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். மல்லிகா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். செத்த நேரம் என்றால் எத்தனை நிமிஷம் என்று பிள்ளை திருப்பிக் கேட்டது. மல்லிகா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ஷாலினி ஒரு பெருமூச்சு விட்டு, என் நெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.